சர்வர் அறைக்கு எஸ்ஆர் ஃபைபர் டிரான்ஸீவர்: அளவெடுப்பதிலிருந்து லிங்க் ஏறும் வரை

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் சரக்குப் பெட்டக நிலையம், கிடங்கு, கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம், மருத்துவமனை என்று நடத்துகிறவர்கள் பலரிடம் இன்று சொந்தமாக ஒரு சர்வர் அறை இருக்கிறது. கேமரா பதிவும் பேக்கப்பும் கூடக் கூட 1ஜி (நொடிக்கு 1 கிகாபிட் வேகம்) போதாமல் 10ஜி, 25ஜி, சில இடங்களில் 100ஜி என்று போகிறார்கள். அப்போதுதான் விரல் நீளத்தில் ஓர் உலோகத் துண்டு முதன்முதலாகக் கையில் வருகிறது. அதுதான் ஃபைபர் டிரான்ஸீவர்: சுவிட்சின் மின்சிக்னலை ஒளியாக்கி ஃபைபர் கேபிளில் அனுப்பும், வரும் ஒளியை மறுபடி மின்சிக்னலாக்கும். மாட்யூல் என்றால் கடைக்காரருக்குப் புரியும். பழைய ஆட்கள் ஜிபிக் என்பார்கள்.

எங்கள் கிடங்கு அலுவலகத்தில் இந்த மாற்றத்தை முடிப்பதற்குள் பட்ட அலைச்சலில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதது. எதை முதலில் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தை எப்போது வாங்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே சர்வர் அறைக்குள், அல்லது ஒரே கட்டடத்துக்குள் போடும் குறுந்தொலைவு இணைப்புகளுக்கு, அதாவது எஸ்ஆர் வகைக்கு மட்டுமே இது பொருந்தும்.

ஒன்றை மனதில் வையுங்கள். இரண்டு போர்ட், இரண்டு மாட்யூல், நடுவில் ஒரு கேபிள்: இந்த ஐந்தும் ஒத்துப்போனால்தான் பச்சை விளக்கு எரியும். ஐந்தையும் ஒரே ஆள் விற்பதில்லை. சுவிட்ச் விற்றவர் கேபிளைக் குறை சொல்வார், கேபிள் போட்டவர் "சார், நம்ம வேலை பக்கா, மாட்யூல்தான் போச்சு" என்பார். ஐந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

1. முதலில் ஒரு தாள், பிறகுதான் கடை

ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள். இந்த முனையில் எந்த சுவிட்ச் அல்லது சர்வர் கார்டு, அதன் முழு மாடல் எண், மென்பொருள் பதிப்பு, போர்ட் எண், போர்ட் வகை. அந்த முனைக்கும் அதே விவரங்கள். நடுவில் கேபிள் போகும் வழியின் நீளம், வழியில் எத்தனை பேட்ச் பேனல் (கேபிள்களை நடுவில் சொருகி இணைக்கும் பலகை).

நீளத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். கேபிள் நேர்கோட்டில் போகாது. ரேக்கின் உச்சிக்கு ஏறி, டிரேயில் ஓடி, மறுபடி கீழே இறங்கும். அறைக்குள் 8 மீட்டராகத் தெரிவது கேபிளில் 15 மீட்டராகிவிடும். டேப் வைத்து ஏற்ற இறக்கத்தோடு அளந்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் தளர்ச்சிக்கு விட்டு எழுதுங்கள்.

போர்ட் வகையில் ஒரு பொறி உண்டு. எஸ்எஃப்பி பிளஸ் (10ஜி), எஸ்எஃப்பி28 (25ஜி) இரண்டும் பார்வைக்கு ஒரே அளவு. 25ஜி போர்ட்டில் 10ஜி மாட்யூலைப் போட்டால் பெரும்பாலும் 10ஜியில் ஓடும். 10ஜி போர்ட்டில் 25ஜி மாட்யூலைப் போட்டு 25ஜி எதிர்பார்க்க முடியாது. க்யூஎஸ்எஃப்பி பிளஸ் (40ஜி), க்யூஎஸ்எஃப்பி28 (100ஜி) கதையும் இதேதான். சில சுவிட்ச்களில் அடுத்தடுத்த நான்கு 25ஜி போர்ட்டுகள் ஒரு குழுவாக ஒரே வேகத்தில்தான் ஓடும். ஒன்றை 10ஜிக்கு மாற்றினால் மற்ற மூன்றும் கூடவே இறங்கும். சுவிட்சின் கையேட்டில் இதைப் பார்த்துவிட்டு எந்த இணைப்பு எந்த போர்ட் என்று முடிவு செய்யுங்கள்.

2. டிரான்ஸீவரே தேவையா?

ஒரே ரேக்கில் மேலே சுவிட்ச், கீழே சர்வர் என்றால் ஃபைபர் வேண்டாம். இரண்டு முனையிலும் பிளக் சேர்ந்தே வரும் செம்பு கேபிள், டேக் என்பார்கள், அதுவே போதும். 10ஜிக்கு 7 மீட்டர் வரை, 25ஜிக்கு 3 மீட்டர், ரொம்பப் போனால் 5 மீட்டர் வரை கிடைக்கும். இரண்டு மாட்யூலும் ஒரு பேட்ச் கார்டும் (சிறிய ஃபைபர் கேபிள்) வாங்கும் செலவைவிட மிகக் குறைவு, மின்சாரமும் கிட்டத்தட்ட இழுக்காது, துடைக்க முனையும் இல்லை. நான் பார்த்த சிறிய சர்வர் அறைகளில் மூன்றில் ஒரு பங்கு இணைப்பாவது இதிலேயே முடிந்துவிடும்.

ரேக் விட்டு ரேக், அறை விட்டு அறை என்றால் எஸ்ஆர். கிடங்கிலிருந்து கேட் அலுவலகம், யார்டின் மறுகோடி என்று 100 மீட்டரைத் தாண்டினால் எஸ்ஆரை மறந்துவிட்டு நெடுந்தொலைவுக்கான சிங்கிள் மோடு ஃபைபரும் அதற்குரிய எல்ஆர் மாட்யூலும் போடுங்கள். 10 கிலோமீட்டர் வரை ஓடும். 10ஜியைப் பொறுத்தவரை எஸ்ஆருக்கும் எல்ஆருக்கும் விலை வித்தியாசம் இன்று பெரிதில்லை. ஆனால் ஒரு முனையில் எஸ்ஆர், மறுமுனையில் எல்ஆர் என்று கலக்கக் கூடாது. எஸ்ஆர் 850 நானோமீட்டர், எல்ஆர் 1310 நானோமீட்டர். மாட்யூலின் பிடி என்ன நிறம் என்று பாருங்கள்: எஸ்ஆருக்கு வழக்கமாகக் கறுப்பு அல்லது வெளிர் பழுப்பு, எல்ஆருக்கு நீலம்.

3. வேகத்துக்கு ஏற்ற தூரம்

எஸ்ஆர் வகையின் எல்லை கேபிளின் தரத்தைப் பொறுத்தது. ஓஎம்1, ஓஎம்2, ஓஎம்3, ஓஎம்4 என்பவை அந்தத் தரங்களின் பெயர்கள். மாட்யூல் பெட்டியில் "300 மீட்டர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஓஎம்3 கேபிளுக்கு, அதுவும் 10ஜிக்கு மட்டும்.

10ஜி எஸ்ஆர்: ஓஎம்3-ல் 300 மீட்டர், ஓஎம்4-ல் 400 மீட்டர். பழைய ஓஎம்2-ல் 82 மீட்டர், ஓஎம்1-ல் 33 மீட்டர்தான்.

25ஜி எஸ்ஆர்: ஓஎம்3-ல் 70, ஓஎம்4-ல் 100 மீட்டர்.

40ஜி எஸ்ஆர்4: ஓஎம்3-ல் 100, ஓஎம்4-ல் 150 மீட்டர்.

100ஜி எஸ்ஆர்4: ஓஎம்3-ல் 70, ஓஎம்4-ல் 100 மீட்டர்.

10ஜியிலிருந்து 25ஜிக்குப் போகும்போது தூரம் 300-லிருந்து 70-க்கு விழுவதைக் கவனியுங்கள். இன்று 10ஜி ஓடுகிற அதே கேபிளில் நாளை 25ஜி ஓடும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால், நீளத்தைக் கேட்காமல் கொடுத்திருந்தால், நம்ப வேண்டாம். புதிதாகக் கேபிள் இழுப்பதானால் ஓஎம்4-க்குக் கீழே வாங்காதீர்கள்.

10ஜியும் 25ஜியும் இரட்டை எல்சி முனையில் போகும்: ஒரு இழை அனுப்ப, ஒரு இழை வாங்க. 40ஜி எஸ்ஆர்4, 100ஜி எஸ்ஆர்4 இரண்டும் எம்பிஓ என்ற பட்டையான முனையைக் கேட்கும். அதில் 12 இழை; இடப்பக்கம் நான்கு அனுப்பும், வலப்பக்கம் நான்கு வாங்கும், நடுவில் நான்கு சும்மா இருக்கும். 100ஜியை நான்கு 25ஜியாகப் பிரித்து நான்கு சர்வர்களுக்குக் கொடுக்கவும் முடியும். அதற்கு ஒரு முனை எம்பிஓ, மறுமுனை நான்கு இரட்டை எல்சி உள்ள கேபிள் தனியாக வரும். சுவிட்ச் அந்தப் பிரிப்பை ஆதரிக்கிறதா என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எம்பிஓ கேபிள் வாங்கும்போது கடைக்காரரிடம் இப்படியே எழுதிக் கொடுங்கள்: "12 இழை, ஓஎம்4, டைப் பி, இரண்டு முனையும் பெண்." மாட்யூலுக்குள் இரண்டு சிறிய ஊசிகள் இருக்கும்; அது ஆண். அதில் ஊசியுள்ள கேபிளைத் திணித்தால் ஊசியோடு ஊசி மோதி மாட்யூலின் முகமே கெடும். இழைகள் இடம் மாறாத டைப் ஏ கேபிளை இரண்டு மாட்யூலுக்கு நடுவே நேராகப் போட்டால் அனுப்பும் இழை அனுப்பும் இழையையே பார்க்கும், லிங்க் ஏறாது. கேபிளில் குறை இல்லை என்பதால் ஒளி இழப்புச் சோதனையில் தேறிவிடும், காரணம் மட்டும் பிடிபடாது.

4. சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கேபிள்

ஜார்ஜ் டவுன், ராஜாஜி சாலைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் கப்பல் ஏஜென்சி அலுவலகங்கள் பல வருடம் முன்பு இழுத்த ஆரஞ்சு நிறக் கேபிள் இன்னும் இருக்கிறது. ஆரஞ்சு என்றால் ஓஎம்1 அல்லது ஓஎம்2. உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: 62.5/125 என்றிருந்தால் ஓஎம்1. அதில் 10ஜி எஸ்ஆர் 33 மீட்டருக்கு மேல் கணக்கில் வராது. புதிதாக இழுக்க வழியே இல்லை என்றால் எல்ஆர்எம் என்ற வகை 10ஜிக்கு 220 மீட்டர் வரை தரும், சுவிட்ச் அதை ஏற்றுக்கொண்டால். நீலப்பச்சை நிறம் ஓஎம்3 அல்லது ஓஎம்4. நிறத்தை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது, அச்சைப் படிக்கத்தான் வேண்டும். மஞ்சள் சிங்கிள் மோடு. எஸ்ஆர் அதில் சேராது.

அடுத்தது ஒளி இழப்பு. இங்கே கொஞ்சம் கணக்குப் போடுங்கள், பின்னால் ராத்திரி விழித்திருக்க வேண்டியதில்லை. ஓஎம்4-ல் 100ஜி எஸ்ஆர்4 தாங்கும் மொத்த இழப்பு 1.9 டெசிபல் மட்டுமே. 60 மீட்டர் கேபிளே அதிகபட்சம் சுமார் 0.2 டெசிபல் சாப்பிடும். பேனலில் ஒவ்வொரு இணைப்புக்கும் தரநிலை அனுமதிக்கும் உச்சம் 0.75. இரண்டு இணைப்பு என்றால் 1.5, கேபிளோடு சேர்த்து 1.7, தேறிவிடும். மூன்றாவது பேனல் ஒன்று வழியில் வந்தால் 2.45, எல்லை தாண்டிவிட்டது. வழியில் பேனல் கூடுதலாக இருந்தால் குறைந்த இழப்பு முனைகள் கேட்டு வாங்குங்கள், 0.35 அளவில் கிடைக்கும். 10ஜிக்கு இந்த எல்லை ஓஎம்3-ல் 2.6 டெசிபல், கொஞ்சம் மூச்சு விடலாம்.

கேபிள் இழுத்த ஒப்பந்ததாரரிடம் ஒவ்வொரு இழைக்கும் இழப்புச் சோதனை அறிக்கை கேளுங்கள். பணம் கொடுக்கும் முன்னால் கேளுங்கள். செக் கைமாறிய பிறகு "மெஷின் வேற சைட்ல இருக்குண்ணா, வந்ததும் எடுத்துத் தரேன்" என்ற பதிலோடு அது நின்றுவிடும். சோதனை 850 நானோமீட்டரில் எடுத்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கு அடித்து "மறுபக்கம் தெரியுது" என்று காட்டுவது இழை அறுபடவில்லை என்பதற்குத்தான் சாட்சி, இழப்புக்கு அல்ல.

5. கோடிங்: விலைப்பட்டியலில் கட்டாயம் வர வேண்டிய வரி

ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் ஒரு சிறிய நினைவகம் உண்டு. யார் தயாரிப்பு, என்ன வகை, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். சுவிட்ச் முதலில் படிப்பது அதைத்தான். தன் கம்பெனிப் பெயர் இல்லையென்றால் சில சுவிட்ச் எச்சரிக்கை மட்டும் கொடுக்கும், சில போர்ட்டையே மூடிவிடும். சிஸ்கோவின் பல சுவிட்ச்களில் வெளி மாட்யூலை அனுமதிக்கும் கட்டளை உண்டு. இன்டெலின் எக்ஸ்520 கார்டுக்கு லினக்ஸ் டிரைவரில் அப்படியொரு அமைப்பு உண்டு. எல்லாவற்றிலும் அது கிடையாது.

சுவிட்ச் கம்பெனியின் சொந்த மாட்யூலுக்கும், அதற்கு ஏற்றபடி கோடு செய்து விற்கும் கம்பாட்டிபிள் மாட்யூலுக்கும் விலை பல மடங்கு வேறுபடும். 10ஜி எஸ்ஆரில் கம்பாட்டிபிள் ஒன்று சில ஆயிரத்துக்குள் அடங்கும். 100ஜி எஸ்ஆர்4 அதைவிட வெகு அதிகம். நல்ல விற்பனையாளரிடம் வாங்கினால் கம்பாட்டிபிள் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. சுவிட்ச் கம்பெனியிடம் சப்போர்ட் கேஸ் போடும்போது "எங்கள் மாட்யூலைப் போட்டுக் காட்டுங்கள்" என்று நிற்பார்கள். அதற்காக ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடி ஒரிஜினல் வாங்கி வையுங்கள். மொத்த பட்ஜெட்டில் அது பெரிய தொகை இல்லை.

இணைப்பின் இரண்டு முனையும் வேறு வேறு கம்பெனி என்றால், ஒரு மாட்யூலுக்கு ஒரு கோடிங், மற்றொன்றுக்கு வேறு கோடிங். பர்ச்சேஸ் ஆர்டரில் "10ஜி எஸ்ஆர் – 20 எண்ணம்" என்று மொத்தமாக எழுதினால் இருபதும் ஒரே கோடிங்கில் வந்து இறங்கும். திருப்பி அனுப்பி, மாற்றி எழுதி, மறுபடி வர வாரக்கணக்கில் ஆகும். ஆர்டரில் இப்படிப் பிரித்து எழுதுங்கள்: எந்த மாடல் சுவிட்சுக்கு எத்தனை, எந்த சர்வர் கார்டுக்கு எத்தனை. கூடவே இந்த நிபந்தனைகளையும் சேருங்கள்:

சொன்ன மாடலில் ஏறாவிட்டால் செலவில்லாமல் மறுகோடிங் அல்லது மாற்று.
வெப்பநிலை, ஒளி அளவு காட்டும் டிடிஎம் வசதி கட்டாயம்.
ஒவ்வொரு வரிசை எண்ணுக்கும் சோதனை அறிக்கை.
வாரன்டி எத்தனை வருடம். பழுதானால் இந்தியாவுக்குள் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பழுதான ஒரு சிறிய மாட்யூலை வெளிநாட்டுக்கு அனுப்பும் காகித வேலைக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கழற்றிய பழைய மாட்யூல் மலிவாகக் கிடைக்கும். படிக்க, பழகப் போதும். வேலை ஓடும் இடத்தில் போடுவதானால் டிடிஎம்-ல் பயாஸ் கரன்ட் (லேசர் இழுக்கும் மின்னோட்டம்) பாருங்கள். அதே வகைப் புதிய மாட்யூலைவிடத் தெளிவாக அதிகம் இழுத்தால் உள்ளே லேசர் களைத்துவிட்டது என்று பொருள்.

6. உள்ளூர் பில்லா, இறக்குமதியா

சில டஜன் மாட்யூல்தான் தேவை என்றால் சென்னையிலோ பெங்களூரிலோ கையிருப்பு உள்ளவரிடம் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். ஜிஎஸ்டி 18%. பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணும், வரிசை எண்களின் பட்டியலும் இருக்க வேண்டும். அந்த பில் ஜிஎஸ்டி தளத்தில் மாதந்தோறும் வரும் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். மாதம் முடிந்ததும் பாருங்கள். சரக்கு மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்தையும், வெளிமாநிலத்திலிருந்து 50,000 ரூபாயையும் தாண்டினால் இ-வே பில் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பொருள்தானே என்று பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நான்கைந்து 100ஜி மாட்யூல் சேர்ந்தாலே மதிப்பு எங்கேயோ போய்விடும்.

நேரடியாக இறக்குமதி செய்வதானால் முதலில் ஐஇசி எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண் வேண்டும். டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) தளத்தில் விண்ணப்பம், கட்டணம் 500 ரூபாய். பான், முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை போதும். பிறகு அந்நியச் செலாவணிக்காக வங்கி தரும் ஏடி கோடைச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிய வேண்டும். சரக்கு வந்து இறங்கிய பிறகு இதைத் தொடங்கினால் கையைக் கடிக்கும். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணம்) தாமதமானால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அதன் பிறகு தினம் 10,000 ரூபாய். கிடங்கு வாடகை அது தனி.

செலவு எப்படி ஏறும் என்று ஒரு கணக்கு. சரக்கு, போக்குவரத்துக் கூலி, காப்பீடு சேர்த்து 1,00,000 ரூபாய் என்றும், அடிப்படைச் சுங்க வரி 20% என்றும் வைத்துக்கொள்வோம். சுங்க வரி 20,000. அதன் மேல் 10% சமூக நலக் கூடுதல் வரி 2,000. இந்த 1,22,000-க்கு 18% ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குக் கட்டும் ஜிஎஸ்டி) 21,960. மொத்தம் கட்டுவது 43,960. இதில் ஐஜிஎஸ்டி வரவாகத் திரும்பும், 22,000 திரும்பாது. உங்கள் பொருளுக்கு எந்த விகிதம் என்பது 8517 தலைப்பின் கீழ் எந்த உட்பிரிவு என்பதைப் பொறுத்தது. இதே மாட்யூல்களின் உட்பிரிவு பற்றிச் சுங்கத்துறைக்கும் இறக்குமதியாளர்களுக்கும் வழக்குகளே நடந்திருக்கின்றன. ஆர்டர் போடும் முன்பே புரோக்கரிடம் உட்பிரிவையும் விகிதத்தையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

வடசென்னையில் நமக்கு ஒரு வசதி: ராஜாஜி சாலை சுங்க மாளிகையைச் சுற்றி அனுபவமுள்ள புரோக்கர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களில் பலர் கப்பல் சரக்கில் பழகியவர்கள். மாட்யூல் வருவது விமானத்தில், இறங்குவது மீனம்பாக்கம் ஏர் கார்கோவில். அங்கே வழக்கமாக வேலை செய்கிறாரா என்று கேட்டுப் பொறுப்பை ஒப்படையுங்கள். மதிப்பீடு செய்யும் அதிகாரி இன்று வேறு ஊரில்கூட இருக்கலாம். அவர் பார்ப்பது திரையில் உள்ள காகிதத்தைத்தான். அதனால் இன்வாய்சில் "நெட்வொர்க் உதிரி" என்று மொட்டையாக எழுதாமல், ஆப்டிகல் டிரான்ஸீவர், வேகம், அலைநீளம், மாடல் எண், எண்ணிக்கை என்று விற்பவரை எழுதச் சொல்லுங்கள். டேட்டா ஷீட் கூடவே இருக்கட்டும்.

கூரியரில் வரவழைத்தால் உங்கள் ஐஇசி, ஜிஎஸ்டி எண் இரண்டையும் சரக்கு கிளம்பும் முன்பே கூரியருக்குக் கொடுங்கள். அந்த எண் இல்லாமல் ஆவணம் தாக்கலானால் ஐஜிஎஸ்டி வரவு கைவிட்டுப் போகும்.

7. சரக்கு வந்த அன்றே

பெட்டியைப் பிரித்து வரிசை எண்களை பில்லோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு மாட்யூலையும் ஒரு போர்ட்டில் சொருகி, சுவிட்ச் படிக்கிறதா, கோடிங் சரியா என்று மட்டும் பாருங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இது முடிந்தாக வேண்டும்.

ஏசியில் குளிர்ந்த பெட்டியை எடுத்து யார்டு பக்கம் திறந்ததும் நீர் பூக்கும். கடலோரக் காற்று, அதுவும் எண்ணூர் பக்கம். பெட்டியை மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திறங்கள். தூசி மூடியைக் கேபிள் சொருகும் நிமிடம் வரை கழற்றாதீர்கள்.

8. கொலோகேஷன் என்றால் உள்ளே போகக் காகிதம்

உங்கள் ரேக் அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ வாடகை டேட்டா சென்டரில் இருந்தால் இன்னொரு வரிசை உண்டு. போகிறவர்களின் பெயரும் அடையாள அட்டையும் முன்கூட்டியே டிக்கெட்டில் போட வேண்டும். பொருளுக்கு உள்வரவு கேட் பாஸ், வரிசை எண்களோடு. திரும்ப எடுத்துவரும் டெஸ்ட் மாட்யூல், துடைப்பான், ஸ்கோப் (ஃபைபர் முனையைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) எல்லாவற்றையும் "திரும்பும் பொருள்" என்று தனியாகப் பதியுங்கள், இல்லையென்றால் வெளியே வரும்போது வாசலில் நிற்க வேண்டும். வேறொருவர் ரேக்கோடு இணைப்பது என்றால் அவர் தரும் அனுமதிக் கடிதம் இல்லாமல் கிராஸ் கனெக்ட் நடக்காது; அதற்கு ஒருமுறைக் கட்டணமும் மாத வாடகையும் உண்டு.

சொந்தக் கிடங்கு என்றால் இதெல்லாம் இல்லை. ஆனால் கப்பலின் கட்-ஆஃப் நேரத்துக்கு (சரக்கைத் துறைமுகத்தில் சேர்க்கும் கெடு) முந்தைய இரவைத் தவிருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசை கட்டி நிற்கும்போது கேட் சிஸ்டம் அரை மணி நின்றாலும் யார்டு மேனேஜரின் முகத்தைப் பார்க்க முடியாது.

9. துடை, பார், சொருகு

மணலி, எண்ணூர் பக்கத்துக் காற்றில் என்ன இருக்கிறது என்று வீட்டு ஜன்னலைத் துடைக்கும் எல்லாருக்கும் தெரியும். எஸ்ஆர் இழையின் ஒளி போகும் நடுப்பகுதி 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. அதன் மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் மேலே போட்ட டெசிபல் கணக்கெல்லாம் வீண்.

கைக்கடக்கமான ஒரு கிளிக் துடைப்பான் வாங்குங்கள். எல்சிக்கு 1.25 மில்லிமீட்டர் அளவு, எம்பிஓவுக்குத் தனி. அதை முனையில் பொருத்தி அழுத்தினால் உள்ளே ஒரு துணி நாடா சுழன்று, "டிக்" என்று கேட்கும். பிறகு ஃபைபர் ஸ்கோப்பில் பாருங்கள். சுத்தமான முனை சாம்பல் நிற வட்டமாக, நடுவில் தெளிவான சிறு வட்டத்தோடு தெரியும். விரல் பட்ட முனையில் எண்ணெய்த் திட்டு நீர்த்துளி காய்ந்ததுபோல் படர்ந்திருக்கும். அது போகும்வரை துடையுங்கள், ஒவ்வொரு முறையும் பாருங்கள். புதுப் பையிலிருந்து எடுத்த கேபிளுக்கும் இது பொருந்தும். பை மூடியிருந்தது என்பதற்காக முனை சுத்தம் என்று ஆகாது. ஸ்கோப் வாங்க முடியாவிட்டால் அந்த ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள். சட்டை நுனியும் டிஷ்யூவும் கூடவே கூடாது.

ஸ்கோப் வைப்பதற்கு முன் மறுமுனை மாட்யூலைக் கழற்றிவிடுங்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது; தெரியவில்லை என்பதற்காக முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். ஒளி வருகிறதா என்று அவசரத்துக்குப் பார்க்க ஃபோனின் முன்பக்கக் கேமராவைக் காட்டினால் பல ஃபோன்களில் வெளிர் ஊதாப் புள்ளி திரையில் தெரியும்.

10. விளக்கு எரியவில்லையா? இந்த வரிசையில் போங்கள்

முதலில் சுவிட்ச் மாட்யூலைப் படிக்கிறதா பாருங்கள். படிக்கவில்லை என்றால் கோடிங், அல்லது சரியாகச் சொருகவில்லை.

படிக்கிறது என்றால் டிடிஎம் அளவுகளைப் பாருங்கள். பெரும்பாலான சுவிட்ச்களில் டிரான்ஸீவர் விவரம் காட்டும் கட்டளை இருக்கும். லினக்ஸ் சர்வரில் ஈத்டூல் என்ற கட்டளை. 10ஜி எஸ்ஆர் அனுப்பும் சராசரி ஒளி -7.3 டிபிஎம்முக்குக் (ஒளித் திறனை அளக்கும் அலகு) கீழே இருக்கக் கூடாது, வாங்கும் ஒளி -9.9-க்குக் கீழே போகக் கூடாது. 25ஜியிலும் 100ஜியின் ஒவ்வொரு இழையிலும் இதே எல்லைகள் -8.4, -10.3. நடைமுறையில் நல்ல மாட்யூல் -2, -3 அளவில் அனுப்பும். மறுமுனையில் அதைவிட ஒன்றிரண்டு குறைந்து வந்தால் எல்லாம் சரி. -40 என்றோ அதன் பக்கத்திலோ காட்டினால் ஒளியே வரவில்லை. எல்சி முனையின் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிச் சொருகிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அதுவாகத்தான் இருக்கும். எம்பிஓ என்றால் டைப் பி-தானா என்று உறையின் அச்சைப் பாருங்கள்.

நான்கு இழையில் மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் -9 காட்டினால் அழுக்கு. மறுபடி துடையுங்கள்.

இரண்டு பக்கமும் ஒளி நன்றாக இருந்தும் லிங்க் ஏறவில்லை என்றால் ஃபெக். பிழை திருத்தும் இந்த ஏற்பாடு 100ஜி எஸ்ஆர்4-க்கும் 25ஜி எஸ்ஆருக்கும் ஆர்எஸ்-ஃபெக் வகையில் இருக்க வேண்டும். சுவிட்ச் ஒரு கம்பெனி, சர்வர் கார்டு வேறு கம்பெனி என்றால் ஒருவர் தானாகப் போட்டிருப்பார், மற்றவர் அணைத்து வைத்திருப்பார். இரண்டு பக்கமும் கையால் ஒன்றாக்குங்கள். மாட்யூலை மாற்றி மாற்றிச் சலித்துப்போன பலருக்கு இந்த ஒரு வரியில் வேலை முடிந்திருக்கிறது. விற்பவரிடம் சண்டைக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

லிங்க் ஏறியும் பிழை எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், நன்றாக ஓடும் இன்னொரு இணைப்போடு கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிழை கேபிளோடு போகிறதா, போர்ட்டிலேயே நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள்.

11. எத்தனை நாள் ஒதுக்குவது

அளவெடுத்துத் தாளை முடிக்க ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் சோதனையும் அதில் அடங்கும். உள்ளூர்க் கையிருப்பு என்றால் விலைப்பட்டியலிலிருந்து கைக்கு வர ஒன்றிரண்டு வாரம். இறக்குமதி என்றால் ஒன்றரை மாதம் என்று மேலிடத்தில் சொல்லி வையுங்கள். ஐஇசி இல்லாதவர்கள் அதற்கு மேலும். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மாற்று வேலை வைக்காமல் இருப்பது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டியும் ஆளும் நகர முடியாமல் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை.

மாற்றும் இரவுக்கு இணைப்பு ஒன்றுக்கு 15 நிமிடம் கணக்கிடுங்கள், துடைப்பது உட்பட. பத்து மாட்யூலுக்கு ஒன்று உபரி, ஒவ்வொரு நீளத்திலும் ஒரு பேட்ச் கார்டு உபரி. வேலை முடிந்த அன்றே ஒவ்வொரு போர்ட்டின் அனுப்பும், வாங்கும் ஒளி அளவைத் தேதியோடு அந்தப் பழைய தாளிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஓர் இணைப்பு தடுமாறும்போது அன்றைய அளவோடு ஒப்பிட அதுதான் இருக்கும். 2 டெசிபல் குறைந்திருந்தால் முதலில் துடைப்பானை எடுங்கள், பிறகு வாரன்டிக் காகிதத்தை.